திங்கட்கிழமைக் காற்று

மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்துப்போன அறையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

சௌந்திரம் கட்டில் கம்பியின் அடிப்பக்கம் விரலை ஓட்டினாள். விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய். கூரையில் சதுரமாக ஓர் ஏ.சி. துவாரம். மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின், புதுப் பிளாஸ்டிக் வாசனையோடு முனகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கக்கா, இந்தச் சுத்தத்தைப் பார்த்தா என்ர ஊட்டுக்குத் திரும்பிப் போறதுக்கே வெக்கமா இருக்குதுங்க" என்றான் தமிழரசு. "ஆனா ஒண்ணு. ஏ.சி. ரூமுன்னாங்க. எனக்கென்னமோ பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி வேர்க்குது."

"நானும் அதைத்தான் பார்க்கறேன். அந்த ஸ்டூலை எடு."

சௌந்திரத்துக்கு ஐம்பத்தொரு வயது. ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளைத் தேடும் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். இப்போது சூரமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். தமிழரசு அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன்னால் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பத்து வருடம் கம்ப்ரஸர் ஓட்டியவன். முதுகு போன பிறகு வண்டியை விட்டு இறங்கினான். வாய் மட்டும் இறங்கவில்லை.

அவன் ஸ்டூலில் ஏறி ஒரு பஞ்சுத் திரியைத் துவாரத்துக்கு நேராகப் பிடித்தான். திரி அசையவில்லை.

"செத்துக் கிடக்குதுங்கக்கா. காத்தே வரலை."

வாசலில் நின்ற கௌதமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவன், முப்பத்தி நான்கு வயது. ஆறு நாளுக்கு முன்னால் தன் இடது சிறுநீரகத்தைத் தங்கை சண்முகப்பிரியாவுக்குக் கொடுத்தவன். தையல் இன்னும் பிரிக்கவில்லை. நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆனவன் வீட்டுக்குப் போகாமல் நேராக சௌந்திரத்தின் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வந்திருந்தான். படுக்கையில் கிடந்தபோது துப்புரவுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருந்தது. 'நாலாம் நம்பர்ல ஜூன்ல ஒண்ணு, ஜூலைல ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு. மூணும் நெஞ்சுல பூஞ்சை புடிச்சு.'

அமுதவேணி மருத்துவமனை சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றியவர்களைத் தீவிரச் சிகிச்சையிலிருந்து வெளியே கொண்டுவந்து தனியாக வைப்பதற்கு அங்கே இருப்பது இந்த நாலாம் அறைதான். இன்று மதியம் இரண்டு மணிக்குச் சண்முகப்பிரியாவை இங்கே மாற்றப்போகிறார்கள். இப்போது மணி பன்னிரண்டரை.

"அவளுக்கு இப்ப சளி புடிச்சாக்கூடத் தாங்காதுன்னு சொன்னாங்க" என்றான் கௌதமன். "என்ர கிட்னியை அவ உடம்பு தள்ளிப்போடாம இருக்கறதுக்கு மருந்து குடுக்கறாங்க. அந்த மருந்து அவ உடம்புல இருக்கற காவலாளியை எல்லாம் தூங்க வெச்சுப்போடுமாம். இந்த நேரம் பார்த்து இந்த ரூமுக்குள்ள போறா. டாக்டர்கிட்டக் கேட்டேனுங்க. 'அந்த மூணு பேருக்கும் உடம்பு ஏத்துக்கலை கண்ணு'ன்னாரு. அவரை நம்பாம இருக்கறதுக்கும் எனக்கு மனசு வரலை."

டாக்டரை நம்பாமல் இருப்பது யாருக்குமே கஷ்டம்தான். டாக்டர் நவநீதகிருஷ்ணன், அறுபதைத் தொட்டவர், இந்த மருத்துவமனையைக் கட்டியவர். சௌந்திரம் காலையில் போய் நின்றதும் எழுந்து கும்பிட்டார். "தாராளமாப் பாருங்கம்மா. எந்த ரூமை வேணாலும் திறந்து பாருங்க. மறைக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லை" என்றார். கௌதமனின் தோளைத் தட்டி, தையல் இழுக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

"நாங்க பாக்கற நேரத்துல மெஷினெல்லாம் புதுசா வந்திருக்குது போல" என்றாள் சௌந்திரம், பக்கத்தில் நின்ற தலைமை நர்சிடம்.

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து அனுப்புனாங்க" என்றாள் சுப்பம்மாள். ஐம்பது வயதுக்காரி, கையில் ஒரு தடித்த கோப்பு. டாக்டர் கொடுக்கச் சொன்ன கோப்பு. கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "அம்மிணி, அந்தப் புள்ளையை இங்க கொண்டாராம இருக்க ஏதாச்சும் வழி பண்ணுங்க."

"ஏன்?"

"காரணமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. மூணு பேருக்கும் கண்ணை மூடி விட்டவ நானு. அவ்வளவுதான்."

தமிழரசு அவளை மேலும் கீழும் பார்த்தான். மூன்று சாவின் போதும் பணியில் இருந்தவள் இவள். அதை அவன் கண்ணிலேயே சௌந்திரம் படித்தாள். தலையை லேசாக ஆட்டி அவனை அடக்கினாள்.

கோப்பில் இருந்தவை காற்றுச் சோதனை அறிக்கைகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்று.

"இது எப்படிங்க சோதிக்கறது?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"சின்னத் தட்டுல ஜெல்லி மாதிரி ஊத்தியிருக்குமுங்க. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ரூம்ல வெச்சா, காத்துல மிதக்கற கிருமி, பூஞ்சை எல்லாம் அதுல வந்து உக்காரும். அப்புறம் லேப்புல வெச்சு வளர்ப்பாங்க. புள்ளி புள்ளியா முளைக்கும். எத்தனை புள்ளியோ அத்தனை அழுக்கு. பத்து மணிக்கு வெச்சு பதினொண்ணுக்கு எடுக்கறது நாந்தான். ரெண்டாம் ரூம் பெரும்பாலும் காலிங்கறதால அதுல வெக்கறதில்லீங்க."

சௌந்திரம் தாள்களைப் புரட்டினாள். ஒன்றாம் அறை பன்னிரண்டு புள்ளி. மூன்றாம் அறை ஒன்பது. ஐந்தாம் அறை பதினொன்று. நாலாம் அறை இரண்டு. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் மறுபடி இரண்டு.

"மூணு பேர் செத்த ரூம்தான் இந்த ஆஸ்பத்திரியிலேயே ரொம்பச் சுத்தம்" என்றாள்.

"என்ர தம்பி பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்குதுங்கக்கா" என்றான் தமிழரசு. "எல்லாப் பாடத்துலயும் முப்பத்தஞ்சு, கணக்குல மட்டும் நூறு. எங்கப்பா மார்க்கைப் பார்த்ததும் கேட்ட மொதக் கேள்வி, பக்கத்துல யாரு உக்காந்திருந்தான்னுதான்."

"தட்டைத் திறக்காம வெச்சிருப்பேன்னு நினைக்கறீங்களா?" சுப்பம்மாளின் முகம் இறுகியது.

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம். அவள் விரல் இன்னொரு இடத்தில் நின்றிருந்தது. "தட்டைத் திறக்காதவங்க இந்தக் கட்டத்தை நிரப்ப மாட்டாங்க."

ஒவ்வொரு அறிக்கையின் ஓரத்திலும் அறையின் வெப்பநிலை எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஒன்றாம் அறை இருபத்தி நாலு. மூன்றாம் அறை இருபத்தி நாலு. நாலாம் அறை முப்பத்தொன்று. ஜூன் மாதத்து இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாத் திங்கட்கிழமையும் நாலாம் அறை முப்பது, முப்பத்தொன்று.

"இதை யாரும் உங்ககிட்டக் கேக்கலையா?"

"அந்தக் கட்டத்தை யாருங்க படிக்கறாங்க? இருக்கற கட்டத்தையெல்லாம் நிரப்போணும்னு எனக்குப் பழக்கம். அவ்வளவுதானுங்க."

"ரயில்வேல சரக்கு காணாமப் போனாலும் இதே கதைதான். யாரும் படிக்காத கட்டத்துலதான் ஆள் ஒளிஞ்சிருப்பான்." சௌந்திரம் கோப்பை மூடினாள். "திங்கக்கிழமை பத்து மணிக்கு யாரோ இந்த ரூமுக்கு வர்ற காத்தை நிறுத்துறாங்க. காத்து வரலைன்னா தட்டுல உக்காரவும் ஒண்ணும் வராது. பதினொண்ணு ஆனதும் திறந்து விட்டுடறாங்க."

கௌதமனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அப்பொ அந்தக் காத்துல என்ன இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"மொத ஆள் செத்தப்பவே தெரிஞ்சிருக்குது. அதுக்கப்புறமும் ரெண்டு பேரை இதுல படுக்க வெச்சிருக்காங்க."

மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. சுவரில் இருந்த வெப்பமானியில் இன்றும் முப்பது.

"இன்னைக்கு புதன்கிழமைங்கக்கா" என்றான் தமிழரசு. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"ஆமா. திங்கக்கிழமை மட்டும் நின்னுட்டிருந்த காத்து, இப்ப மொத்தமா நின்னிருக்குது. அந்தக் காத்து எங்க போகுதுன்னு பார்ப்போம், வா."

மொட்டை மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. ஏ.சி. மெக்கானிக் சின்னராஜ் தகரக் கொட்டகையின் பூட்டைத் திறந்தான். உள்ளே லாரி கேபின் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து, கீழே அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நாலாம் ரூம் காத்தை நீதான் நிறுத்துறியா?"

சின்னராஜ் மறைக்கவில்லை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். 'திங்கள் 10 முதல் 11 வரை அறை எண் 4 காற்றை நிறுத்தவும். சோதனைத் தட்டு காய்ந்துவிடும்.' கீழே கையெழுத்து இல்லை. மருத்துவமனையின் முத்திரை மட்டும் இருந்தது.

"சீல் இருந்தா செய்யோணுமுங்க. கேள்வி கேட்டா வேலை இருக்காது. நான் ஏப்ரல்லதான் சேர்ந்தேன்."

"மத்த ரூம் தட்டெல்லாம் காயாதா?" என்று தமிழரசு கேட்டான்.

சின்னராஜ் தாளை மறுபடி படித்துப் பார்த்தான். இத்தனை மாதமாக அவனுக்கு அது தோன்றவே இல்லை.

இயந்திரம் காற்றை இழுக்கும் வாய் கொட்டகையின் பின்பக்கம் இருந்தது. சௌந்திரம் அங்கே போய் எட்டிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோழித்தீவனக் கிடங்கு. மழையில் நனைந்த மக்காச்சோளத்தைக் களத்தில் கொட்டி இரண்டு பெண்கள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை பலகை இழுபடும்போதும் சாம்பல் பச்சையாக ஒரு புகை எழும்பி, காற்றில் மிதந்து, மாடியைத் தாண்டி வந்தது.

கௌதமனும் மெதுவாகப் படியேறி வந்திருந்தான். அவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பூஞ்சை புடிச்ச சோளமுங்க. எங்க பண்ணையில இந்த மாதிரி மூட்டை வந்தாத் திருப்பி அனுப்பிப்போடுவோம். கோழிக் குஞ்சு நெஞ்சடைச்சுச் சாகும்."

"அதுக்குத்தானுங்க ஃபில்டர் இருக்குது" என்றான் சின்னராஜ் அவசரமாக. இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்தான். உள்ளே மடிப்பு மடிப்பாகப் பெரிய வடிகட்டி ஒன்று நின்றது. "பாருங்க, எத்தனை வெள்ளையா இருக்குதுன்னு! மார்ச்சுல மாட்டுனதாமுங்க, இன்னும் புதுசு மாதிரி."

கௌதமன் நிம்மதியாக மூச்சு விட்டான். சௌந்திரமும் ஒரு கணம் தயங்கினாள். கண் முன்னால் வடிகட்டி பாலாக வெளுத்திருந்தது.

தமிழரசு மட்டும் குனிந்து அதை முகர்ந்து பார்த்தான். விரலால் மடிப்பைச் சுண்டினான்.

"அக்கா, பத்து வருசம் கம்ப்ரஸர் ஓட்டியிருக்கேன். புழுதிக்குள்ள ஒரு போர் போட்டு முடிச்சா ஏர் ஃபில்டர் என்ர மூஞ்சிய விடக் கறுத்துப் போயிருக்கும். ஒரு நாள் வண்டி ஓடி முடிச்சும் ஃபில்டர் வெள்ளையாவே இருந்துச்சு. முதலாளி சந்தோசப்பட்டாரு. மறுநாள் இன்ஜின் போச்சு." அவன் நிமிர்ந்தான். "ஃபில்டர் வெள்ளையா இருந்தா காத்து சுத்தம்னு அர்த்தமில்லைங்கக்கா. காத்து அது வழியாப் போகவே இல்லைன்னு அர்த்தம்."

அவன் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினான். வடிகட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரும்புத் தகடு ஒன்று இல்லை. முழங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவன் கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரைக்கும் சாம்பல் பச்சைப் பொடி.

சின்னராஜ் பின்வாங்கினான். "சத்தியமா நான் தகட்டைக் கழட்டலீங்க. நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு. இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்."

சௌந்திரம் பெட்டிக்கு அந்தப்புறம் போனாள். அங்கே பெரிய காற்றுக் குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் சிவப்புப் பெயிண்டில் 4. இன்னொன்றில் 2. இரண்டிலும் காற்றைத் திறந்து மூடும் கைப்பிடி. நாலின் கைப்பிடி மூடியிருந்தது. அதன் துருவில் புதிதாக ஒரு கீறல் மின்னியது. இரண்டின் கைப்பிடி திறந்தே இருந்தது.

"மத்த ரூமெல்லாம்?"

"அதுக்குத் தனி மெஷினுங்க. இதுல இந்த ரெண்டு மட்டுந்தான்."

"நேத்து நாலை மூடுனது நீயா?"

"நான் நேத்து லீவுங்க. கொட்டாய்ச் சாவி இன்னொண்ணு ஆபீஸ்ல ஆணியில தொங்கும். யாரு வேணாலும் எடுக்கலாம்."

சௌந்திரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை.

"ஆணியில தொங்குற சாவிக்கு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதுங்கக்கா" என்றான் தமிழரசு. "முத்திரைக்குக் கையெழுத்துக் கிடையாது. சுப்பம்மாளா, ஆபீஸா, வேற யாரா? யாரைக் கேட்டாலும் நான் இல்லைன்னுதான் சொல்லப்போறாங்க."

"அதனால கேக்கப் போறதில்லை." அவள் சின்னராஜிடம் திரும்பினாள். "இந்த மெஷினை நிறுத்து. இப்பவே. கொட்டாயை விட்டு நகராத, யாருக்கும் போன் பண்ணாத. தமிழு, நீ என்கூட வா. ரெண்டாம் நம்பர் கைப்பிடி திறந்திருக்கறது கீழ யாருக்கும் தெரியாது, நேத்து இங்க வந்தவரைத் தவிர. கௌதமா, நான் கீழ ஒண்ணு சொல்லப்போறேன். என்ன சொன்னாலும் நீ பேசாம நிக்கோணும். மெஷின் நின்னுடுச்சு, உன் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. என்னை நம்பறியா?"

அவன் வயிற்றுக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு தலையசைத்தான்.

இரண்டு மணிக்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. தள்ளுகட்டிலில் சண்முகப்பிரியா வந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அண்ணனைப் பார்த்ததும் அந்தக் கண்கள் சிரித்தன. கட்டிலைச் சுப்பம்மாளும் ஒரு ஊழியரும் தள்ளினார்கள். பக்கத்தில் டாக்டர் நவநீதகிருஷ்ணன் நடந்து வந்தார். மருத்துவமனை மேலாளர் சிவபிரகாஷ் பின்னால் வந்தார். ஆபீஸ் சாவிகளும் முத்திரையும் அவர் பொறுப்பு.

"டாக்டர், ஒரு நிமிஷமுங்க" என்றாள் சௌந்திரம். "காரணமெல்லாம் என்கிட்ட இல்லை. ஆனா நாலாம் ரூம் எனக்கு மனசுக்குச் சரியாப் படலை. ரெண்டாம் ரூம் காலியாத்தான இருக்குது? அங்க போட்டுடலாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் சுப்பம்மாள் உடனே. அவள் கண்கள் கலங்கிவிட்டன. கட்டிலின் தலைப்பக்கத்தை அப்போதே இரண்டாம் அறையை நோக்கித் திருப்பினாள்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை. சாவி இந்தாங்க" என்று சிவபிரகாஷ் தானே போய் இரண்டாம் அறைக் கதவைத் திறந்தார்.

டாக்டர் கையில் இருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ரெண்டு வேண்டாம்மா. நாலுலயே இருக்கட்டும். அங்க மெஷின் வெச்சிருக்கேன்."

"மெஷினை ரெண்டுக்கு உருட்டிட்டுப் போனா ஆச்சுங்க."

"ரெண்டை இன்னும் சுத்தம் பண்ணலை."

"காலைலதானுங்க ஐயா ரெண்டு தடவை தொடைச்சோம்" என்றாள் சுப்பம்மாள்.

"தள்ளுங்கம்மா" என்றாள் சௌந்திரம்.

கட்டில் நகர்ந்தது. அதன் சக்கரங்கள் மொசைக் தரையில் கிறீச்சிட்டன. பத்தடி. ஐந்தடி. கௌதமன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். முன்சக்கரம் இரண்டாம் அறையின் வாசற்படியில் ஏறியது.

டாக்டர் கையிலிருந்த தாள்கள் சிதறின. ஓடிவந்து இரண்டு கையாலும் கட்டிலின் கம்பியைப் பிடித்து இழுத்தார்.

"உள்ளே கொண்டு போகாதீங்க! வராந்தாவுல போடுங்க. ஜன்னலை எல்லாம் திறந்து விடுங்க. வராந்தாவுலயே போடுங்க!"

சுப்பம்மாள் கட்டிலை நிறுத்தினாள். சிறுநீரகம் மாற்றிய ஆறாம் நாளில் இருக்கும் நோயாளியை, ஆள் நடமாடும் வராந்தாவில், ஜன்னலைத் திறந்து படுக்கவைக்கச் சொன்னவர் அந்த அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது. கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாடியில இருக்கற மெஷின் ஓடலைங்க டாக்டர்" என்றாள் சௌந்திரம் மெதுவாக. "அரை மணி நேரத்துக்கு முன்னாலயே நிறுத்தியாச்சு. நேத்து நாலாம் நம்பர் கைப்பிடியை மூடுனது நீங்கதான்."

அவர் மறுக்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மார்ச் மாசம்" என்றார். "மோட்டாருக்கு வலு போயிடுச்சு. புதுசா மாட்டுன ஃபில்டரைத் தாண்டிக் காத்து வரலை. ரூமெல்லாம் அனலாக் கொதிச்சுது. ஒரு வாரத்துக்குத் தகட்டைக் கழட்டி வையப்பான்னு பழைய மெக்கானிக்கிட்டச் சொன்னேன். அவன் வேலையை விட்டுப் போயிட்டான். நான் மறந்துட்டேன். ஜூன்ல மொத ஆளோட நெஞ்சு ஸ்கேனைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு."

"அன்னைக்கே மூடியிருக்கலாமில்லீங்க?"

"மூடுனா ஏன்னு கேப்பாங்க. புது மோட்டாருக்குச் சொல்லி வெச்சேன், வந்ததும் சத்தமில்லாம மாத்திடலாம்னு. அது வர்ற வரைக்கும் திங்கக்கிழமை ரிப்போர்ட்டு மட்டும் சரியா இருந்தாப் போதும்னு நினைச்சேன். வர்ற வாரம், வர்ற வாரம்னு தள்ளிப் போச்சு. ரெண்டாவது ஆளும் போனப்புறம்..." அவர் நிறுத்தினார். "ரெண்டாவது ஆள் போனப்புறம் சொல்றதுக்கு வாயே வரலைம்மா. நேத்து இந்தப் பையன் உங்களைக் கூட்டிட்டு வர்றான்னு கேள்விப்பட்டுத்தான் மாடிக்கு ஏறுனேன். நாலை மூடுனேன். ரெண்டைக் காலியாவே வெச்சிருந்துடலாம்னு நினைச்சேன்."

கௌதமன் அவர் முன்னால் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று தமிழரசு ஒரு அடி முன்னால் வைத்தான். கௌதமன் சட்டையைத் தூக்கினான். இடது விலாவுக்குக் கீழே கட்டு.

"இதை அறுக்கறதுக்கு முன்னாடி என்ர கையைப் புடிச்சுட்டு 'உன் தங்கச்சிக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னீங்க. அப்பவும் உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கௌதமன் சட்டையை இறக்கிவிட்டு, தங்கையின் கட்டிலருகே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான். அதன் பிறகு அவர் பக்கம் அவன் பார்க்கவில்லை.

சிவபிரகாஷ் கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றுக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். சௌந்திரம் தன் கைப்பேசியை டாக்டரிடம் நீட்டினாள். "போலீஸ் ஸ்டேஷன் நம்பர். நீங்களே பேசுங்க."

அவர் பேசினார். தன் பெயரைச் சொன்னார், மூன்று பேரின் பெயரையும் சொன்னார். மூன்று பேரின் ஊரும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

அவர் பேசி முடிக்கும் வரை சௌந்திரம் இரண்டாம் அறைக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். சுத்தமான விரிப்பு. தலையணையில் மடிப்புக் கலையவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது.

"நர்சம்மா, இந்த ரூம்ல எப்பவுமே யாரும் இருந்ததில்லையா?"

சுப்பம்மாள் பதிவேட்டைத் திறந்தாள். பக்கம் புரட்டிய கை நின்றது.

"இருந்தாங்க. ஐயா சென்னைக்குப் போயிருந்த சமயம். நாலுல ஆள் இருந்துச்சுன்னு ரெண்டுல போட்டோம். ஒன்பது நாள். ராசாத்தின்னு, ராசிபுரம். தறிக்காரக் குடும்பம். கிட்னி மாத்தி இருபத்திரண்டு நாளாச்சு. போன வியாழக்கிழமை டிஸ்சார்ஜ்."

டாக்டர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "ரெண்டுலயா? என்கிட்ட நாலுல இருந்தவங்க பட்டியலைத்தான் குடுத்தாங்க. ரெண்டுலன்னு யாரும் சொல்லலையே!" பதிவேட்டை வாங்கித் தானே பார்த்தார்.

சுப்பம்மாள் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னணியில் விசைத்தறியின் சத்தம். மகள் எடுத்தாள்.

"அம்மாவுக்குங்களா? நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டு நாளா இருமல் மட்டும். குளிர்ந்த தண்ணி குடிச்சிருப்பாங்க, அதான். கசாயம் வெச்சுக் குடுத்தேனுங்க."

தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். ஒன்று. மறுபடி ஒன்று.

"இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாக் காப்பாத்த வழி இருக்கு" என்றார் டாக்டர். "நாளைக்குன்னு விட்டாத் தெரியாது. நான் வர்றேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்த மருந்தை எப்படிக் குடுக்கோணும்னு எனக்குத்தான் தெரியும்."

தமிழரசு சௌந்திரத்தைப் பார்த்தான். அவள் டாக்டரிடமிருந்து தன் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"ஏறுங்க. போலீஸை ராசிபுரத்துக்கே வரச் சொல்லிடறேன்."

இன்னொரு ஆம்புலன்ஸில் போனார்கள். தமிழரசு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் போன லாரிகளை எல்லாம் கையை வெளியே நீட்டி விலக்கிக்கொண்டே வந்தான். பின்னால் டாக்டர் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சௌந்திரம் போலீஸுக்கு ராசாத்தியின் முகவரியைச் சொன்னாள்.

ராசாத்தியின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது. சைரன் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ராசாத்தி தானே நடந்து வெளியே வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். டாக்டர் இறங்குவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கையைக் கூப்பினாள்.

"நீங்களே வந்துட்டீங்களா சாமி! ஆஸ்பத்திரியில நான் ஏதாச்சும் விட்டுப்போட்டு வந்துட்டேனுங்களா?"

டாக்டர் அவள் முன்னால் நின்றார். அவர் குரல் தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"நீங்க எதையும் விடலைம்மா. நாந்தான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். இனி சொல்றேன். அதுக்கு முன்னாடி திரும்பி நில்லுங்க."

ராசாத்தி ஒன்றும் புரியாமல் திரும்பி நின்றாள். அவர் ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தார்.

"மூச்சை நல்லா இழுங்கம்மா. மெதுவா விடுங்க. இன்னொரு தடவை."